பெயர்ப்பலகை மாட்டினார்கள், தாழ்ப்பாள் வைக்கவில்லை: ட்விட்ச் ‘ஹேட் ரெய்டு’ விவகாரம், 2021

ட்விட்ச் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ‘ரெய்டு’ என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ட்விட்ச் என்பது கேம் ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டும் தளம், அப்படிக் காட்டுபவர் ஸ்ட்ரீமர். ஒரு ஸ்ட்ரீமர் இரண்டு மூன்று மணி நேரம் கேம் ஆடி முடித்துவிட்டுக் கடையைக் கட்டும்போது, தன் பார்வையாளர்களைக் கலைந்து போக விடாமல், இன்னும் நேரலையில் இருக்கும் வேறொருவரின் சேனலுக்கு மொத்தமாக அனுப்பிவைப்பார். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று இருநூறு பேர் வந்து உட்காருவார்கள். கல்யாண வீட்டில் பந்தி காலியாக இருக்கிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு பஸ் நிறைய சொந்தக்காரர்கள் வந்து இறங்கின மாதிரி. 2017 முதல் இது ட்விட்சிலேயே ஒரு வசதியாக இருக்கிறது. சின்ன சேனல்காரர்களுக்கு இதைவிடப் பெரிய மொய் கிடையாது.

2021 ஆகஸ்டில் இந்தச் சொல்லுக்கு முன்னால் ‘ஹேட்’ ஒட்டிக்கொண்டது. ஹேட் ரெய்டு. ஆட்களுக்குப் பதிலாகத் தானாக இயங்கும் போலிக் கணக்குகள், அதாவது பாட்கள், வந்து இறங்கின. வாழ்த்துக்குப் பதிலாக வசவு. அதிகமாக மாட்டிக்கொண்டவர்கள் கறுப்பின ஸ்ட்ரீமர்கள், அப்புறம் திருநர், தன்பால் ஈர்ப்புள்ள ஸ்ட்ரீமர்கள். இரண்டுமாக இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒத்துக்கொள்வதும் ஒத்துக்கொள்ளாததும் உங்கள் இஷ்டம்: நிறுவனம் இதைப் பாட் பிரச்சினை என்று பார்த்தது, எனக்கோ இது வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டிக்கொடுத்துவிட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்காமல் போன தச்சன் கதையாகத்தான் தெரிகிறது.

திரையில் அது எப்படி இருக்கும்?

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ‘சாட்டில் திட்டினார்கள்’ என்று ஒரே வரியில் கேட்டால், கண்டுகொள்ளாமல் விட வேண்டியதுதானே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஒரு பெண் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு ஒரு திகில் கேம் ஆடிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். திரையின் ஓரத்தில் சின்னப் பெட்டியில் அவர் முகம். பார்ப்பவர்கள் பதினைந்து பேர், அதில் பாதிப் பேர் தினமும் வருகிறவர்கள், பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் அளவுக்குப் பழக்கம். சாட் மெதுவாக நகர்கிறது. யாராவது புதிதாக ஃபாலோ செய்தால் திரையில் ஒரு பொம்மை துள்ளி, டிங் என்று ஒரு மணி அடித்து, வந்தவரின் பெயர் பெரிய எழுத்தில் தெரியும். சின்ன சேனலுக்கு அந்த டிங் ஒரு நாளைக்கு இரண்டு முறை கேட்டாலே சந்தோஷம்தான்.

அந்த மணி நிற்காமல் அடிக்க ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு நொடி அவர் சிரிக்கிறார், பெரிய சேனல் யாரோ ரெய்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து. பிறகு பெயர்களைப் படிக்கிறார். வந்த கணக்குகளின் பெயரே வசவு. கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் சொல்லோடு இலக்கங்களைச் சேர்த்து, எழுத்துகளை மாற்றிப் போட்டு, நூற்றுக்கணக்கில். சாட் கண்ணால் தொடர முடியாத வேகத்தில் ஓடுகிறது, ஒரே வரி திரும்பத் திரும்ப. சாட்டைக் கண்காணிக்கும் மாடரேட்டர் என்று ஒருவர் இருந்தால் (பெயருக்குப் பக்கத்தில் பச்சை வாள் போட்டிருக்கும் அந்த நபர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஒரு நண்பர்) அவர் ஒவ்வொரு கணக்காகத் தடை செய்துகொண்டிருப்பார். ஒன்றைத் தடுப்பதற்குள் முப்பது வந்துவிடும். இதில் ஒரு கொடுமை: ஃபாலோ அறிவிப்புகள் வரிசையில் நிற்கும். கணக்குகளைத் தூக்கிய பிறகும், வரிசையில் மாட்டிக்கொண்ட பெயர்கள் ஒவ்வொன்றாக டிங் டிங் என்று திரையில் வந்துகொண்டே இருக்கும். எல்லாம் அவர் முகம் நேரலையில் தெரியும்போது. அவர் அழுகிறாரா, கோபப்படுகிறாரா என்று பார்ப்பதற்குத்தான் வந்தவன் வந்திருக்கிறான். அந்த முகம்தான் அவனுக்கு வேடிக்கை.

ரெக்-இட்-ரேவன் என்ற பெயரில் ஸ்ட்ரீம் செய்யும் கறுப்பினக் கலைஞரின் சேனலில் அப்படி ஓடிய வரி, இந்தச் சேனல் இனி கேகேகேவுக்குச் சொந்தம் என்பது. கேகேகே என்றால் கூ கிளக்ஸ் கிளான், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1860களில் தோன்றி, விடுதலையான கறுப்பின மக்களை முகத்தை மூடிக்கொண்டு ராத்திரியில் வீடு தேடிப் போய்க் கொன்ற கூட்டம். வீடு தேடிப் போவது என்பதுதான் அவர்கள் கையெழுத்து. பாட் கணக்குகளை இயக்கியவனுக்கு அந்த வரலாறு எவ்வளவு தெரியுமோ, படிக்கிறவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ரேவன் இதைப் பொதுவில் எழுதி, ட்விட்டரில் #ட்விட்ச்டூபெட்டர் என்ற ஹேஷ்டேக்கைத் தொடங்கினார். ‘ஒழுங்காகச் செய், ட்விட்ச்’ என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த சில நாட்களில் அதன் கீழே தங்கள் கதையைக் கொட்டியவர்களைப் பார்த்தபோதுதான் இது ஒரு சேனலின் பிரச்சினை இல்லை என்று வெளியே இருந்தவர்களுக்குப் புரிந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு முன்னாலேயே தெரியும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால்

2016 மே மாதம், டெக்சாஸ் மாநிலத்தில் டிரீம்ஹேக் ஆஸ்டின் போட்டி. ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு விளையாட்டு கேமில் டெரன்ஸ் மில்லர் என்ற கறுப்பின இளைஞர் இறுதிச்சுற்று வரை போய் இரண்டாமிடம் பிடித்தார். அவருடைய வாழ்க்கையில் பெரிய நாளாக இருந்திருக்க வேண்டியது. நேரலையில் அவர் முகம் வரும்போதெல்லாம் ட்விட்ச் சாட் இனவசவால் நிரம்பியது, மாடரேட்டர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதில் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விஷயம் ‘ட்ரைஹார்ட்’ எமோட், அதாவது சாட்டில் சொல்லுக்குப் பதிலாகப் போடும் குட்டிப் படம். அது டிரைஹெக்ஸ் என்ற கறுப்பின ஸ்ட்ரீமரின் சிரித்த முகம், ட்விட்சின் எல்லா சேனல்களிலும் எவரும் போடலாம். திரையில் கறுப்பின மனிதர் யார் வந்தாலும் அந்த முகத்தை நூற்றுக்கணக்கில் கொட்டுவது ஒரு வழக்கமாகியிருந்தது. வசவுச் சொல்லை ஃபில்டரில் போட்டுத் தடுக்கலாம். ஒரு மனிதனின் சிரித்த முகத்தை வசவாக மாற்றினால் எந்த ஃபில்டரில் பிடிப்பீர்கள்?

அந்தக் கேமை உருவாக்கிய பிளிஸார்டின் தலைவர் மைக் மோர்ஹைம் வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் ட்விட்ச், ஆட்டோமாட் என்ற கருவியைக் கொண்டுவந்தது. சந்தேகமான வார்த்தைகளைப் பிடித்து நிறுத்தி, மாடரேட்டர் சரி என்றால்தான் விடும். நல்ல கருவிதான். ஆனால் நிகழ்ந்த விஷயத்திலிருந்து நிறுவனம் எடுத்துக்கொண்ட பாடம் ‘கெட்ட வார்த்தை’ என்ற அளவோடு நின்றுவிட்டது.

2021 ஜனவரியில் இன்னொரு ஒத்திகை. ‘பாக்சாம்ப்’ எமோட்டில் இருந்த நபர், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த கலவரத்தை ஒட்டி எழுதியதற்காக ட்விட்ச் அந்த எமோட்டைத் தூக்கிவிட்டு, 24 மணி நேரத்துக்கு ஒரு புது முகம் என்று மாற்றி மாற்றி வைத்தது. அதில் ஒரு நாள் கிரிட்டிக்கல் பார்ட் என்ற கறுப்பின ஸ்ட்ரீமரின் முகம். அன்று அவருக்கு வந்த இனவெறித் தாக்குதலை அவர் நக்கலாகவே எதிர்கொண்டார், அது வேறு விஷயம். அவருடைய முகத்தைக் கோடிக்கணக்கானோர் முன்னால் கொண்டுபோய் வைத்த நிறுவனம், அன்று அவருடைய சேனல் வாசலில் கூடுதலாக ஒரு காவலாளியை நிறுத்த வேண்டும் என்று யோசித்ததா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. முகத்தைக் காட்டுவது பிரதிநிதித்துவம் என்றால், காட்டிய பிறகு வருவதற்கும் பொறுப்பு உண்டுதானே.

பெயர்ப்பலகை

இனி டேக் விஷயம். ட்விட்சில் ஒரு நேரலைக்கு டேக் ஒட்டலாம்: என்ன மொழி, என்ன வகை கேம், இப்படி. திருநர் ஸ்ட்ரீமர்கள் தங்களுக்கென்று தனி டேக் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2021 மே கடைசியில் ட்விட்ச் ஒரேயடியாக 350க்கும் மேற்பட்ட புது டேக்குகளைக் கொடுத்தது. பாலினம், இனம், தேசம், மாற்றுத்திறன் என்று எல்லாம். ‘கறுப்பினம்’ என்பதும் அதில் ஒன்று.

இதைக் கேட்டு வாங்கியது தப்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆயிரக்கணக்கான சேனல்கள் ஒரே நேரத்தில் நேரலையில் இருக்கும் இடத்தில், தன்னைப் போல ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. ஒரு கறுப்பினப் பெண் வேலை முடித்து வந்து, தன்னைப் போலவே பேசுகிற, தன் தலைமுடியைப் பற்றி விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒருவர் கேம் ஆடுவதைப் பார்க்க நினைத்தால், அந்த டேக்தான் வழி. முடி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2020 நவம்பரில்தான் அனிமல் கிராசிங் கேமில் கறுப்பின மக்களின் தலைமுடிக்கு ஏற்ற அலங்காரங்கள் சில சேர்ந்தன, டிசம்பரில்தான் சிம்ஸ் 4 நூற்றுக்கும் மேல் தோல் நிறங்களைச் சேர்த்தது. இரண்டுமே ஆட்டக்காரர்கள் கேட்டுக் கேட்டு வந்தவை. பொம்மைக்குக் கூந்தல் கிடைத்துக்கொண்டிருந்த அதே பருவத்தில்தான், பொம்மையை ஆட்டுவிக்கும் மனிதரின் முகம் குறிவைக்கப்பட்டது.

தேடி வருகிற நண்பனுக்கு வழி காட்டும் பலகை, தேடி வருகிற ரௌடிக்கும் அதே வழியைத்தான் காட்டும். முன்பெல்லாம் ஒருவன் சேனல் சேனலாகப் போய்ப் பார்க்க வேண்டும். இப்போது டேக்கைச் சொடுக்கினால் பட்டியல் வந்துவிடும், யார் யார் இந்த நிமிடம் நேரலையில் இருக்கிறார்கள் என்பது வரைக்கும். மே மாதம் டேக், ஆகஸ்ட் மாதம் வெள்ளம். அந்த மூன்று மாதத்தில் பூட்டு பக்கம் எதுவும் மாறவில்லை.

எவ்வளவு சுலபமாக இருந்தது

ட்விட்ச் சாட் அடிப்படையில் ஐஆர்சி என்ற பழைய அரட்டை நெறிமுறையில் ஓடுகிறது. கணினி அறிந்த கல்லூரி மாணவன் ஒருவன் ஒரு மாலை நேரத்தில் எழுதக்கூடிய சின்ன நிரல் போதும், பல கணக்குகளை ஒரே சமயத்தில் ஒரு சாட்டுக்குள் நுழைத்துப் பேசவைக்க. பாட்கள் நல்ல வேலைக்கும் உதவுகின்றன, ஸ்கோர் சொல்ல, விதிகளை நினைவூட்ட, அதனால் அந்தக் கதவை முழுக்க அடைக்கவும் முடியாது. ஆனால் அன்றைக்கு ஒரே மின்னஞ்சல் முகவரியை வைத்துப் பல கணக்குகள் தொடங்க முடிந்தது. தொலைபேசி எண் கேட்கிற வேலையும் சாட்டில் இல்லை. சரி, ஃபில்டர் இருக்கிறதே என்றால், ஆங்கில எழுத்து மாதிரியே தோற்றம் அளிக்கும் ரஷ்ய எழுத்துகளைக் கலந்து எழுதினால் மனிதக் கண்ணுக்கு வசவு, ஃபில்டருக்கு அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டம். ஆக, ஃபில்டரைத் தாண்டிவிடும்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. பாட் கணக்குகளைக் கண்டுபிடிக்கத் தெரியாத நிறுவனம் இல்லை இது. அதே 2021 ஏப்ரலில், பொய்யாக ஃபாலோவர் எண்ணிக்கையையும் பார்வையாளர் எண்ணிக்கையையும் கூட்டிக் காட்டிய 75 லட்சத்துக்கும் மேற்பட்ட பாட் கணக்குகளைப் பிடித்துவிட்டதாக அவர்களே பெருமையாக அறிவித்தார்கள். பொய் எண்ணிக்கை விளம்பரதாரருக்கு நஷ்டம். வசவு பாட் கணக்குகளால் நஷ்டம் யாருக்கு? பதினைந்து பேர் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு. எதைப் பார்க்கும்போது ஒரு நிறுவனத்தின் கண் கூர்மையாகிறது என்பதை ஏப்ரலையும் ஆகஸ்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தெரியும். இது என் ஊகம்தான், ஆனால் தள்ளிவிட முடியாத ஊகம்.

‘செட்டிங்ஸை மாற்றிக்கொள்ளுங்கள்’

தாக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த முதல் ஆலோசனை எப்போதும் போல இதுதான். ஃபாலோ செய்து பத்து நிமிடம் ஆனவர்கள் மட்டும் பேசலாம் என்று வையுங்கள், எமோட் மட்டும் போடலாம் என்று வையுங்கள், அறிவிப்பு மணியை அணையுங்கள், டேக்கைக் கழற்றுங்கள். எல்லாமே வேலை செய்யும். எல்லாவற்றுக்கும் விலையும் உண்டு.

ட்விட்சில் காசு பார்க்க வேண்டுமென்றால் முதல் படி அஃபிலியேட் ஆவது. அப்போதைய விதிப்படி 50 ஃபாலோவர், 30 நாளில் 500 நிமிட நேரலை, ஏழு தனித்தனி நாட்கள், சராசரியாக மூன்று பேர் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். அடுத்த படியான பார்ட்னருக்குச் சராசரி 75 பேர். இதற்கெல்லாம் தெரியாத முகங்கள் உள்ளே வந்து, ஹலோ சொல்லி, பிடித்துப்போய் உட்கார வேண்டும். புதியவர் வந்ததும் ‘பத்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது’ என்று சொல்லும் வீட்டில் எத்தனை பேர் உட்காருவார்கள்? மணியை அணைத்தால் நிஜமாக ஃபாலோ செய்தவருக்கு நன்றி சொல்ல முடியாது. டேக்கைக் கழற்றினால் தேடி வருகிறவர்களுக்குத் தெரியாமல் போகும். அதாவது வளர்ச்சிக்கு எதெல்லாம் வழியோ அதெல்லாம் அப்படியே பாதுகாப்புக்கு எதிரி. வெள்ளை இன ஸ்ட்ரீமர் ஒருவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வளரும்போது, பக்கத்தில் கறுப்பின ஸ்ட்ரீமர் கதவைச் சாத்திக்கொண்டு வளரவேண்டும், இரண்டு பேருக்கும் தேர்வு ஒன்றுதான். பாதுகாப்பு என்ற பெயரில் அவரிடமிருந்து போனது அவருடைய வியாபாரம்.

இன்னும் ஒன்று, இது பலருக்குத் தோன்றாது. ரெய்டு முடிந்த பிறகு துப்புரவு வேலை. சேனலில் ஒட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான போலி ஃபாலோவர்களை எடுக்க வேண்டும், ஒவ்வொரு பெயரையும் படித்துக்கொண்டே. வீட்டுச் சுவரில் எவனோ எழுதிவிட்டுப் போனதை வீட்டுக்காரியே சுரண்டுவது. இதற்கெல்லாம் முதலில் உதவிக்கு வந்தது நிறுவனம் இல்லை. நிரல் எழுதத் தெரிந்த தன்னார்வலர்கள் தெரிந்த பாட் பெயர்களின் பட்டியல்களைத் தொகுத்தார்கள், மொத்தமாகத் தடைசெய்யும் கருவிகளை இலவசமாகக் கொடுத்தார்கள், எந்த நேரத்தில் எந்த செட்டிங்கை எப்படி மாற்றுவது என்று வழிகாட்டிகள் எழுதினார்கள். ஒரு சேனலில் நடந்தது தெரிந்ததும் அடுத்த சேனலுக்குத் தகவல் போகும். அந்த ஆகஸ்டில் நிஜமான பாதுகாப்பு இடம் என்று ஒன்று இருந்ததென்றால் அது இவர்கள் கூடிப் பேசிய, டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியின் அறைகள்தான்.

ஒரு நாள் விடுப்பு

நிறுவனம் ஆகஸ்ட் 11 அன்று ட்விட்டரில் பதில் சொன்னது: இன்னும் நிறையச் செய்ய வேண்டும் என்று தெரியும், ஃபில்டரில் ஒரு ஓட்டை இருந்தது, அடைத்துவிட்டோம், கணக்குச் சரிபார்ப்பு இந்த ஆண்டுக்குள் வரும் என்கிற தொனியில். ‘இந்த ஆண்டுக்குள்’ என்பது, ராத்திரி எட்டு மணிக்கு நேரலைக்குப் போக வேண்டிய ஒருவருக்கு என்ன அர்த்தம் தரும்? ரெய்டுகள் நிற்கவில்லை.

ரேவன், லூசியா எவர்பிளாக், ஷைனிபென் ஆகிய ஸ்ட்ரீமர்கள் சேர்ந்து செப்டம்பர் 1 அன்று ட்விட்சுக்கு ஒரு நாள் விடுப்பு என்று அறிவித்தார்கள். யாரும் நேரலைக்குப் போகாதீர்கள், யாரும் பார்க்காதீர்கள். கோரிக்கைகள் வானத்தை வில்லாய் வளைக்கச் சொல்பவை இல்லை. பாதிக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை நாள் பழைய கணக்குகள் என் சாட்டில் பேசலாம் என்பதையும், எந்த ரெய்டை ஏற்பது எதை மறுப்பது என்பதையும் நான் தீர்மானிக்க விடுங்கள். ஒரு மின்னஞ்சலுக்கு மூன்று கணக்குக்கு மேல் வேண்டாம். எப்போது செய்வீர்கள் என்று தேதி சொல்லுங்கள். இவ்வளவுதான். நம் ஊர் அபார்ட்மென்ட் சங்கம் கேட்கிற கோரிக்கை மாதிரி இருக்கிறது: கேட்டில் ஒரு ஆள், வருகிறவர்களுக்கு ஒரு பதிவேடு.

அந்த நாள் வெற்றியா தோல்வியா என்று அன்றே சண்டை. பெரிய சேனல்கள் பல வழக்கம்போல ஓடின. ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டவர்களும், ஒரு நாள் வருமானம் போனால் வாடகை இடிக்கும் என்பவர்களும் இருந்தார்கள். நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதானே அவர்கள் ஆசை, நாமே ஏன் மூட வேண்டும் என்று கேட்ட கறுப்பின ஸ்ட்ரீமர்களும் இருந்தார்கள், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. அதே வாரம் டாக்டர்லூபோ, டிம்-த-டாட்மேன் என்ற இரண்டு பிரபல ஸ்ட்ரீமர்கள் யூடியூபுக்குத் தாவியது வேறு தலைப்புச் செய்திகளைப் பங்குபோட்டது. ஆனால் விளையாட்டுச் செய்திகளோடு நின்றிருந்த விஷயத்தைப் பொதுவான பத்திரிகைகள் வரை கொண்டுபோனது அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு நிறுவனத்தின் வேகம் கூடியது கண்கூடு.

வழக்கும் பூட்டுகளும்

செப்டம்பர் 9 அன்று ட்விட்ச் கலிஃபோர்னியாவில் மத்திய நீதிமன்றத்தில் இருவர் மீது வழக்குப் போட்டது. நிஜப் பெயர் தெரியாது, ஆகவே பயனர் பெயரிலேயே: க்ரூஸ்கன்ட்ரோல், க்ரியாட்டின்ஓவர்டோஸ். ஒருவர் நெதர்லாந்து, மற்றவர் ஆஸ்திரியா என்று நம்புவதாக மனுவில் இருந்தது. முதலாமவரோடு தொடர்புள்ள பாட் கணக்குகள் சுமார் 3,000 என்றும், இரண்டாமவர் ஆகஸ்ட் நடுவில் தன் மென்பொருளால் சாட்டை எப்படி இனவசவால் நிரப்பலாம் என்று செய்துகாட்டினார் என்றும் குற்றச்சாட்டு. இதில் கவனிக்க வேண்டியது, வழக்குப் போட்டவர் யார் என்பது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230ஆம் பிரிவு, பயனர்கள் எழுதுவதற்குத் தளத்தைப் பொதுவாகப் பொறுப்பாக்காது. தாக்கப்பட்டவர் ட்விட்சை நீதிமன்றத்துக்கு இழுப்பது அதனால் கடினம், வசவு எழுதியவனை இழுக்கலாமென்றால் அவன் பெயரே தெரியாது. தளத்துக்கு மட்டும் ‘எங்கள் விதிமுறையை மீறினாய்’ என்று சொல்லி வழக்குப் போடும் வசதி இருந்தது. அந்த வசதியைப் பயன்படுத்தியதற்குப் பாராட்டலாம்.

செப்டம்பர் 29 அன்று வந்ததுதான் நிஜமான தாழ்ப்பாள். சாட்டில் பேசுவதற்குத் தொலைபேசி எண் சரிபார்ப்பு, அதை எல்லாருக்கும் வைக்கலாம், புதுக் கணக்குகளுக்கு மட்டும் வைக்கலாம், முதல் முறை பேசுகிறவர்களுக்கு மட்டும் வைக்கலாம், சேனல்காரர் விருப்பம். ஒரு எண்ணில் ஐந்து கணக்கு வரை. அதில் ஒன்றைத் தடைசெய்தால் அந்த எண்ணில் உள்ள அத்தனையும் அந்தச் சேனலில் தடையாகிவிடும். நவம்பர் கடைசியில், தடையை ஏமாற்றி வேறு பெயரில் திரும்பி வருகிறவர்களைக் கணிக்கும் கருவி. 2022 நவம்பரில் ஷீல்டு மோட்: ரெய்டு வந்தால் ஒரே பொத்தான், முன்பே ஏற்பாடு செய்துவைத்த எல்லா பூட்டும் ஒன்றாக விழும். 2016இல் ஆஸ்டினில் அந்த மாடரேட்டர்கள் கையில் இது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இதில் எந்தத் தொழில்நுட்பமும் 2021இல் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. தொலைபேசிக்கு ஓடிபி அனுப்புவதை நம் ஊர் கேஸ் சிலிண்டர்காரர்களே செய்துகொண்டிருந்தார்கள்.

எண்களாகப் பார்த்தால், வெறுப்புப் பேச்சை எதிர்க்கும் அமெரிக்க அமைப்பான ஆன்டி டிஃபமேஷன் லீகின் 2021 கணக்கெடுப்பில், ஆன்லைன் கேம் ஆடும் அமெரிக்கக் கறுப்பின வயதுவந்தோரில் 42 சதவீதத்தினர் தங்கள் இனத்தை வைத்துத் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். முந்தைய ஆண்டு 31. இது ட்விட்ச் மட்டுமில்லை, கேமுக்குள் நடக்கும் குரல் அரட்டையும் சேர்த்து. ட்விட்சில் கதவைப் பூட்டினால் ஹெட்செட்டில் வருவது நிற்காது.

அதனால்தான் தனி இடங்கள். ஜே-ஆன் லோபஸ் 2015இல் பிரிட்டனில் தொடங்கிய பிளாக் கேர்ள் கேமர்ஸ் இதற்கு நல்ல உதாரணம், ஃபேஸ்புக் குழுவாக ஆரம்பித்து ட்விட்ச் சேனல், நிகழ்ச்சிகள் என்று வளர்ந்தது. கறுப்பினப் பெண்கள் சேர்ந்து ஆட, பேச, வேலை வாய்ப்புகளைப் பகிர ஓர் இடம். இப்படிப்பட்ட குழுக்களைப் பார்த்ததும் ‘இதுவும் ஒதுக்குதல்தானே’ என்று கேட்பவர்கள் உண்டு. ஒதுக்குபவன் அடுத்தவனை வெளியே நிறுத்துகிறான், இவர்கள் தங்கள் கூடத்துக்கு யார் வரலாம் என்பதைத் தாங்களே முடிவு செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம், அது சின்ன வித்தியாசம் இல்லை. யாருமே வராத இடம் பாதுகாப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஸ்ட்ரீமருக்கு அது எதற்கு? அவருக்கு வேண்டியது கூட்டமும், கூடவே சாவியும்.

மிச்சம்

2021 அக்டோபரில் ட்விட்சின் மூலநிரலும் ஸ்ட்ரீமர்களின் வருமானக் கணக்கும் திருடப்பட்டு வெளியே கொட்டப்பட்டன. கொட்டியவன் தன் பதிவில் ரேவன் தொடங்கிய அந்த ஹேஷ்டேக்கை, சொற்களை முன்பின் மாற்றிப்போட்டு, ஒட்டிவைத்திருந்தான். ஸ்ட்ரீமர்களின் சம்பளத்தை ஊருக்குக் காட்டுவதற்கும் அவர்களுடைய பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

2022 மே 14 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வெள்ளை இனவெறியன் ஒருவன் கறுப்பின மக்கள் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றான், அதை ட்விட்சில் நேரலையாக ஓட்டினான். வன்முறை தொடங்கி இரண்டு நிமிடத்துக்குள் நிறுத்திவிட்டதாக நிறுவனம் சொன்னது, மற்ற தளங்களோடு ஒப்பிட்டால் அது வேகம்தான். ஹேட் ரெய்டு விடுபவர்களை ‘போர் அடிக்கிற பசங்க’ என்று சிரித்துக் கடந்தவர்கள் அந்த வாரம் என்ன பேசினார்கள் என்று கவனிக்கத் தோன்றியது.

டேக் முறை 2023 ஜனவரியில் மாறியது, இப்போது எந்தச் சொல்லை வேண்டுமானாலும் தானே எழுதி, பத்து வரை ஒட்டிக்கொள்ளலாம். அப்புறம் பாதுகாப்பு ஆலோசனைக் குழு. 2020 மே மாதம் ஸ்ட்ரீமர்களும் வெளி நிபுணர்களுமாக ட்விட்ச் அமைத்த குழு அது, ரெய்டுகள் நடந்த காலம் முழுக்க இருந்தது. 2023 மார்ச்சிலும் 2024 ஜனவரியிலும் நூற்றுக்கணக்கான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, 2024 மே 31 அன்று அந்தக் குழு உறுப்பினர்கள் ஒன்பது பேரின் ஒப்பந்தமும் முடித்துக்கொள்ளப்பட்டது. அவர்களுக்குப் பதிலாக, ட்விட்ச் தானே தேர்ந்தெடுத்து ஏற்கெனவே வைத்திருந்த ‘அம்பாசிடர்’ ஸ்ட்ரீமர்களிடம் கருத்துக் கேட்டுக்கொள்வதாக ஏற்பாடு. ஷீல்டு மோட் பொத்தான் மட்டும் சேனல்காரரின் திரையில் அப்படியே இருக்கிறது, ரெய்டு வந்துவிட்டதைக் கவனித்து அதை அழுத்துகிற வேலை இன்னமும் அவருடையதோ, பச்சை வாள் போட்ட அந்த நண்பருடையதோதான்.